வலப்பக்கத்து ஆட்டுக்கல்

அந்தக் காலத்தில் எங்கள் தெருப் பிள்ளைகள் ஏன் ஹைஸ்கூலுக்குப் போகவில்லை என்று காரணம் சொல்ல இப்போது ஆட்கள் பெருகிவிட்டார்கள். போன மாதம் ஒரு பள்ளிக்கூட விழாவில் பெரிய மனிதர் ஒருவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு பேசினார். அன்றைய நெசவாளப் பெற்றோருக்குக் கல்வியின் அருமை தெரியவில்லையாம். பிள்ளைகளுக்கும் ஆர்வம் இல்லையாம். பிறகு மெல்ல மெல்ல விழிப்பு வந்து வருஷத்துக்கு வருஷம் சேர்க்கை கூடியதாம். எல்லாரும் கை தட்டினார்கள். நான் தட்டவில்லை. கோர்வைத் தறியின் வலப்பக்கத்தில் ஒரு நாள் உட்கார்ந்து பார்த்தவர் அப்படிப் பேசமாட்டார். எங்கள் தெருவுக்கு விழிப்பு எதுவும் வரவில்லை. எதிர்வீட்டில் ஒரு மனிதர் இருந்தார், அவ்வளவுதான்.

கோர்வை தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். சேலையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டு நூலும் சேருகிற இடத்தில் ஒன்றோடொன்று கோர்த்துக்கொள்ள வேண்டும். நெய்கிறவர் தறிக்குழியில் உட்கார்ந்து இடப்பக்கக் கரைக்கும் உடலுக்கும் நாடா, அதாவது ஊடுநூலைக் கொண்டுபோகிற கட்டை, போடுவார். வலப்பக்கக் கரைக்கு இன்னொரு ஆள் வேண்டும். பெரிய ஆளை வைத்தால் கூலி கட்டாது. அதனால் பிள்ளையை வைத்தார்கள். அப்பனின் கால் மிதிப்பதையும் கை ஓடுவதையும் பார்த்துக்கொண்டே, அவன் நாடா வந்து சேருகிற நொடியில் பிள்ளை தன் நாடாவைத் தள்ள வேண்டும். கண் வேறு பக்கம் போனால் கரை பிசகும். கரை பிசகினால் முதுகில் விழும். எங்கள் தெருவில் வளர்ந்தவர்களை இன்றும் என்னால் அடையாளம் சொல்ல முடியும். எல்லாருக்கும் கழுத்து கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்திருக்கும். எனக்கும் உண்டு.

எங்கள் ஊர் சேலத்துக்கும் ராசிபுரத்துக்கும் இடையில் இருந்தது. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் பாரம் வரைதான், அதாவது இன்றைய எட்டாம் வகுப்பு. விடிகாலையும் சாயங்காலமும் தறி, நடுவில் பள்ளிக்கூடம் என்று அதுவரை ஒப்பேற்றிவிடலாம். நாலாம் பாரத்துக்கு அடுத்த டவுனுக்கு நடக்க வேண்டும். விடிந்ததும் புறப்பட்டால் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் திரும்ப முடியும். அப்படிப் போனால் வலப்பக்கம் காலியாகிவிடும். அதனால் எங்கள் தெருவின் படிப்பு மூன்றாம் பாரத்தோடு கத்தரித்தது மாதிரி நின்றது. அந்த டவுன் ஹைஸ்கூலில் கர்ணம் வீட்டுப் பையன் இருந்தான். மளிகைக்கடைக்காரர் மகன் இருந்தான். தோட்டம் துரவு உள்ளவர்களின் பிள்ளைகள் இருந்தார்கள். எங்கள் தெருவிலிருந்து ஒரு பயல் இல்லை. இதற்குப் பெயர்தான் ஆர்வம் இல்லாமை.

எதிர்வீட்டுக்காரரை நான் பெரியப்பா என்றுதான் கூப்பிடுவேன். உறவு இல்லை, தெருவழக்கம். கட்டையான ஆள். பேச ஆரம்பித்தால் எதிரில் இருப்பவருக்கு அவமானமாக இருக்கும். கோயில் காரியத்துக்குப் பணம் கேட்டு வந்தவர்களையும் கல்யாணத்துக்கு அழைக்க வந்தவர்களையும் ஒரே மாதிரிதான் நடத்துவார். அவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டே நாடா ஓட்டிக்கொண்டிருப்பார். ஆனால் கோர்வைக் கரையில் அவரை அடிக்க எங்கள் பக்கத்தில் ஆள் கிடையாது என்று என் அப்பனே சொல்லுவான். என் அப்பன் இன்னொருவரைப் புகழ்ந்து நான் கேட்டது அது ஒன்றுதான்.

அவருக்குத் தம்பி ஒருவர் வலப்பக்கம் உட்கார்ந்து வந்தார். தம்பிக்குக் கல்யாணமாகித் தனித்தறி போட்டுக்கொண்டபோது, பெரியப்பாவின் மகனுக்கு உட்காருகிற வயது வந்திருந்தது. பிள்ளையை முதன்முதலாக உட்காரவைப்பதை எங்கள் தெருவில் ஒரு விசேஷமாகவே செய்வார்கள். நல்ல நாள் பார்த்து, தறிக்குப் பொட்டு வைத்து, பிள்ளை கையில் நாடாவைக் கொடுத்து, வந்தவர்களுக்கு வெல்லம் கொடுப்பார்கள். பெரியப்பா வீட்டிலும் வெல்லம் உடைத்து வைத்திருந்தது. தெரு வந்து கூடியது. அவர் பின்கட்டுக்குப் போனார். முற்றத்தில் கிடந்த ஆட்டுக்கல்லைச் சாய்த்து உருட்டிக்கொண்டே வந்தார். வாசற்படியைத் தாண்டி, வந்திருந்தவர்களின் கால்களை விலக்கச் சொல்லி, தறியின் வலப்பக்கத்தில் பிள்ளை உட்கார வேண்டிய இடத்தில் அதை நிறுத்தினார். பிறகு தட்டை எடுத்து எல்லாருக்கும் வெல்லத்தை நீட்டினார்.

“ஏனுங்க மாமா, பையன் எங்கீங்க உட்காருவான்?” என்று ஒருவர் கேட்டார்.

“அவன் உட்காரப் பள்ளிக்கூடத்துல பெஞ்சு போட்டிருக்காங்க. இங்க என்ற பொண்டாட்டி மாவாட்டுவா. வெல்லத்தை எடுத்துக்குங்க.”

நான் அப்போது சின்னப் பயல். வெல்லம் கிடைத்ததே எனக்குப் பெரிது. வெளியே வந்ததும் எல்லாரும் சிரித்தார்கள். ஒரு மாதத்தில் கல் தானாகப் பின்கட்டுக்குப் போய்விடும் என்றார்கள்.

போகவில்லை. அவர் கோர்வையை விட்டார். ஒற்றை ஆளாக நெய்யக்கூடிய ஒரே நிறச் சேலைக்கு மாறினார். கரை என்று சொல்ல எதுவும் இருக்காது. மொட்டைச் சேலை என்று பெயர் வைத்தார்கள். கொஞ்ச நாளில் அவருக்கே மொட்டையார் என்று பெயர் ஆகிவிட்டது. கல்யாணத்துக்கு அந்தச் சேலையை யாரும் வாங்கமாட்டார்கள். புருஷன் செத்தவள் கட்டுகிற மாதிரி இருக்கிறது என்பார்கள். பெரியம்மா வலப்பக்கத்தில் உட்கார்ந்து மாவாட்டிக்கொண்டே அவர் காதுபடச் சொல்லுவாள். “இவரு நெய்ஞ்ச சேலையைக் கட்டிக்கிட்டுத் தண்ணிக்குப் போனா, எப்ப ஆச்சுன்னு துக்கம் கேக்கறாங்க. உசுரோட தறியில உட்கார்ந்திருக்காருன்னு ஒவ்வொருத்திகிட்டயும் சொல்லோணும்.” அவள் மாவு வழித்து எழுந்திருக்கும்போது அவர் தறியில் நீளவாக்கில் விரிந்திருக்கும் பாவு நூல் அறுந்துவிடாமல் அதைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொள்வார்.

எங்களுக்கெல்லாம் நூல் கொடுத்துச் சேலை வாங்கிக்கொள்கிற முதலாளி ஒருவர் இருந்தார். முகூர்த்தக் காலத்தில் கோர்வைக்குக் கிராக்கி. அவரே நேரில் வந்தார். பையனை ஒரே ஒரு மாதம் லீவு போடச் சொல், படிப்பு எங்கேயும் ஓடிப்போகாது என்று நல்லபடியாகத்தான் சொன்னார். எங்கள் வீட்டுத் தறியில் கரை போட்டுக்கொண்டிருந்த எனக்கு எல்லாம் காதில் விழுந்தது.

“எனக்கு ரெண்டு கை இருக்குதுங்க,” என்றார் பெரியப்பா. “ரெண்டு கைக்கு எவ்வளவு சேலையோ அவ்வளவு நெய்ஞ்சு தர்றேன். மூணாவது கை என்றகிட்ட இல்லீங்க.”

“ஊர்ல எல்லாருகிட்டயும் இருக்குதப்பா.”

“ஊர்ல இருக்கறது அவியவிய பசங்க கை.”

முதலாளி எழுந்து போய்விட்டார். பிறகு அவருக்கு நூல் வரவில்லை. பெரியப்பா ராசிபுரத்தில் தானே நூல் வாங்கி, சாயம் போட்டு, நெய்ததைத் தலையில் வைத்துச் சேந்தமங்கலம் சந்தைக்கு நடந்தார். காட்டுவேலைக்குப் போகிற பெண்கள் அங்கே வாங்கினார்கள். கரை இல்லாவிட்டால் என்ன, சேறு படுவதற்கு உழைக்கிற சேலைதான் வேண்டும் என்றார்கள். அவர் வீட்டில் இரண்டு வேளை கம்பங்களி. தீபாவளிக்குக்கூட அந்த ஆட்டுக்கல்லில் கம்புதான் ஆட்டினார்கள். அவருக்கு மட்டும் பசிக்கவில்லையா, பெரியம்மா என்ன பாவம் செய்தாள் என்று எனக்குக் கோபம்கூட வந்திருக்கிறது. அவரை நல்லவர் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை.

அவர் மகன் நாலாம் பாரம் சேர்ந்தான். எங்கள் தெருவிலிருந்து முதல் ஆள். அவனுக்குப் படிப்பு சுமார்தான். ஆனால் பெரியப்பா அதைப் பற்றிக் கேட்டதே இல்லை. சந்தைக்குப் போகிற வழியில் டவுன் ஹைஸ்கூல் பக்கம் போவார். தலையில் சேலை மூட்டையோடு, சாயம் படிந்த கையோடு, வகுப்பு நடக்கும்போதே ஜன்னலுக்கு வெளியே நிற்பார். மகன் பெஞ்சில் இருக்கிறானா என்று பார்ப்பார். இருந்தால் ஒன்றும் சொல்லாமல் நடந்துவிடுவார். வகுப்பே சிரிக்குமாம். ஒருநாள் வாத்தியார் வெளியே வந்து, பையன் கணக்கில் ரொம்ப மோசம் என்று ஆரம்பித்திருக்கிறார். இவர், “அவன் எப்படிப் படிக்கறான்னு நான் கேக்கலீங்க. வாரானா? அதைச் சொன்னாப் போதும்,” என்றிருக்கிறார். மகனுக்கு மானம் போய்விட்டது. என்னிடம் சொல்லி அழுதான்.

அந்த மகன் ஆறாம் பாரம் வரை போய், எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சையில் தோற்றான்.

தெருவுக்கு அன்று திருவிழா. இத்தனை வருஷம் கம்பங்களி தின்று, கரையை விட்டு, முதலாளியைப் பகைத்து, கடைசியில் என்ன ஆயிற்று என்று ஆளாளுக்கு வந்து துக்கம் விசாரித்தார்கள். என் அப்பனும் போனான். பையன் மூலையில் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தான். தேற்றுகிற மாதிரி என் அப்பன் சொன்னான், “போச்சாது உடுங்க. இனியாவது அந்தக் கல்லை எடுத்துப்போட்டு அவனை உட்கார வெச்சுக் கரையைப் போடுங்க.”

பெரியப்பா நாடாவை நிறுத்தினார். அவர் பேசுவதற்காக நாடாவை நிறுத்தி நான் பார்த்தது அன்றுதான். “எட்டு வயசுல எங்கப்பன் என்னை வலப்பக்கம் உட்கார வெச்சான். நான் எந்திரிச்சது கல்யாணத்துக்கு. என்ற பையன் பெயிலானான், ஆமா. போய்ப் பெயிலானான். உன்ற பையன் எங்கயாவது போய்ப் பெயிலாயிருக்கானா?”

என் அப்பன் முகம் செத்துவிட்டது. நான் அப்போதுதான் வருஷாந்திரப் பரீட்சை எழுதி முடித்திருந்தேன். மூன்றாம் பாரம்.

அந்த மகன் பிறகு நெசவுக்கே வந்தான். பெரியப்பா தடுக்கவில்லை. தான் உட்காரும் தறிக்குழியில் இறக்கி, இடப்பக்க நாடாவைக் கையில் கொடுத்தார். வேலைக்காரனாக வராதே, நெசவாளியாக வா என்பது அவர் எண்ணமாக இருக்கலாம். வாய்விட்டுச் சொல்லவில்லை. கல் மட்டும் வலப்பக்கத்தில் அப்படியே இருந்தது.

நான் மூன்றாம் பாரம் தேறினேன். அவ்வளவுதான் என் படிப்பு என்பதில் எங்கள் வீட்டில் யாருக்கும் சந்தேகம் இல்லை. எனக்கு இருந்தது. நாலாம் பாரம் போகவேண்டும் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா நாடாவுக்குள் வைக்கிற தார்க்குச்சியில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். காதில் விழாத மாதிரி சுற்றினாள். அப்பனிடம் சொன்னேன். தறியில் மாம்பழ நிற உடலும் அரக்குக் கரையுமாகப் புதுப் பாவு ஏறியிருந்தது. அதைக் காட்டி, “இதை உங்கொம்மா வந்து கோர்ப்பாளா?” என்றான். பிறகு எதிர்வீட்டுக்குக் கேட்கும்படி, “மொட்டைப் பயல் மகன் படிச்சுக் கிழிச்சது போதும். கண்டவன் பேச்சைக் கேட்டு என்ற ஊட்டுல ஆரும் ஆடவேண்டாம்,” என்றான்.

நான் அழவில்லை. ஹைஸ்கூல் திறக்கிற அன்று விடிவதற்கு முன்பே சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றேன். போனால் திரும்பி வரும்போது வீடு இருக்காது என்பது தெரியும். அப்பன் குழியில் உட்கார்ந்து என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். நான் நகரவில்லை. மறுபடி கூப்பிட்டான்.

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. பெரியப்பா இடுப்பு வேட்டியோடு தெருவைக் குறுக்கே கடந்து எங்கள் வீட்டுக்குள் நுழைந்தார். அப்பனைப் பார்க்கவில்லை. நேரே வலப்பக்கம் போனார். சின்னப் பிள்ளை உட்காருகிற பலகையில் முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்தார். கரை நாடாவைக் கையில் எடுத்தார்.

“மிதி,” என்றார்.

அப்பனின் கால் அசையவில்லை. வலப்பக்கம் பிள்ளையின் இடம். பெரியவன் ஒருவன் இன்னொருவன் தறியில் அங்கே போய் உட்காருவது, அவன் சாப்பிட்ட எச்சில் இலையை எடுக்கிற மாதிரி. அதுவும் ஊரிலேயே பெரிய கரைக்காரர்.

“மிதிடா. பொழுது ஏறுது.”

வாசலில் நின்ற என்னைப் பார்த்து, “உனக்காவ வந்தேன்னு நெனச்சுக்காத சாமி,” என்றார். “உங்கப்பன் என்னை மொட்டைன்னான். எனக்குக் கரை மறந்து போகலைன்னு காட்டோணும். நீ போ.”

போனேன். அன்று என் பெயர் அந்த ஹைஸ்கூலில் ஏறியது. சேர்க்கை கூடிற்று என்று சொன்னாரே அந்தப் பெரிய மனிதர், அதில் ஒன்று இப்படிக் கூடியது.

அவர் ஒரு நாளோடு நிறுத்தவில்லை. பாவு தீருகிற வரைக்கும் தினமும் பகல் முழுக்க வந்தார். அவர் தறியில் மகன் நெய்தான். தெரு வேலையை விட்டுவிட்டு எங்கள் வாசலில் வந்து பார்த்தது. மொட்டையார் கரை போடுகிறார் என்று பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடினார்கள். அப்பனும் அவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்வதில்லை என்று அம்மா சொன்னாள். ஆனால் நாடா பேசியதாம். அப்பன் வேண்டுமென்றே வேகமாக ஓட்டுவானாம், இவர் ஒரு நூல் பிசகாமல் பதில் அனுப்புவாராம். பாவு தீர்ந்து சேலையைக் கொண்டுபோனபோது முதலாளி விரித்துப் பார்த்து, கரை இந்தத் தரம் நன்றாக விழுந்திருக்கிறது, பையன் கை தேறிவிட்டது என்று என்னைப் புகழ்ந்தாராம். அப்பன் அதை வீட்டில் வந்து சொல்லவில்லை. அங்கே நின்ற வேறொருவர் சொல்லித்தான் தெரியும்.

பாவு தீர்ந்த அன்று பெரியப்பா எழுந்து காலை உதறிக்கொண்டு போனார். அப்பனுக்கு இனி என்னைத் தடுக்க முகம் இல்லை. நான் போய்க்கொண்டே இருக்கலாம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

ஆனால் தறி சும்மா கிடக்குமா? அன்று ராத்திரி சாப்பிடும்போது அப்பன் சொன்னான். நாளைக்கு அடுத்த கோர்வைப் பாவுக்கு நூல் வாங்கப் போகிறான். பையன் போனால் போகட்டும். பெண்ணை உட்கார வைத்துக்கொள்ளலாம்.

என் தங்கை ஐந்தாம் வகுப்பு. அடுப்பங்கரையில் சோற்றைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னை எழுப்பிவிட்ட இடம் அவளுக்குத் தயாராகிவிட்டது. எங்கள் தெருவில் இப்படித்தான். ஒரு பையன் ஹைஸ்கூலுக்குப் போனான் என்று யாராவது பெருமையாகச் சொன்னால், வலப்பக்கம் யார் உட்கார்ந்தது என்று நான் கேட்பேன். பலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

அம்மா தங்கையின் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அப்பன் நூலுக்குப் புறப்பட்டுப் போனதும் அம்மா தெருவைக் கடந்து எதிர்வீட்டுக்குப் போனாள். பெரியம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். இருவரும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு எங்கள் பின்கட்டுக்குப் போனார்கள். எங்கள் ஆட்டுக்கல் அவர்களுடையதைவிடப் பெரிது. நான் கை கொடுக்கப் போனேன். பெரியம்மா, தள்ளிப் போ, காலில் விழுந்தால் ஹைஸ்கூலுக்கு யார் நடப்பது என்றாள். இருவரும் சாய்த்து, மூச்சு வாங்கி, உருட்டி, வாசற்படியில் கோணியைப் போட்டுத் தாண்டவைத்து, தறியின் வலப்பக்கத்தில் கொண்டுவந்து நிமிர்த்தினார்கள். சின்னப் பலகையை அம்மா அடுப்புக்குப் பக்கத்தில் போட்டாள்.

இதில் பெரியப்பா ஒரு வார்த்தை சொல்லவில்லை. யாரும் அவரைக் கேட்கவும் இல்லை. எதிர்த் தறியில் அவர் நாடா ஓடிக்கொண்டே இருந்தது.

அப்பன் தோளில் நூல் கட்டோடு உச்சிவெயிலில் திரும்பி வந்தான். ஆனி மாதம், சேலத்துப் பூமி வெடித்துக் கிடந்தது, மண் கொதித்தது. உள்ளே வந்தவன் தறியைப் பார்த்தான். கல்லைப் பார்த்தான். கல்லுக்குப் பக்கத்தில் அம்மா உட்கார்ந்து கம்பை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள். தங்கை அவள் முதுகுக்குப் பின்னால் நின்றாள்.

“இதை ஆரு இங்க கொண்டாந்து போட்டது?”

“நாந்தானுங்க,” என்றாள் அம்மா. “மழை பேஞ்சா முத்தத்துல ஆட்ட முடியறதில்லை.”

“மழை எங்கடி பெய்யுது?”

அம்மா குழவியைச் சுற்ற ஆரம்பித்தாள். எதிர்வீட்டில் நாடா நின்றது.

“பெய்யும்,” என்றாள்.

அப்பன் தோளில் நூலோடு அப்படியே நின்றான். கொஞ்ச நேரம் கழித்து எதிர்வீட்டில் நாடா மறுபடி ஓட ஆரம்பித்தது.